வரைவை எழுதுவது யார்? அடிபட்டோர் உரிமை விதிகளும் கருத்துக் கேட்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விபத்து இழப்பீட்டுச் சட்டம் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். நம் ஊரில் அந்தப் பேச்சை எடுத்தால் உடனே எம்.சி.ஓ.பி. எனப்படும் விபத்து இழப்பீட்டு மனுவின் நம்பர் என்ன, எத்தனை சதவீதம் ஊனம் போட்டார் டாக்டர், இன்சூரன்ஸ் கம்பெனி அப்பீல் போகுமா என்றுதான் போகும். எல்லாம் தொகையைப் பற்றிய பேச்சு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. குடும்பத் தலைவர் படுத்துவிட்ட வீட்டில் தொகைதான் முதல் கேள்வி. ஆனால் நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது வேறு. இழப்பீடு கேட்டு வந்து நிற்கும் மனிதரை அந்த அலுவலகம் எப்படி நடத்த வேண்டும் என்று விதி எழுத முடியுமா? எழுதுவதானால் அடிபட்டவர்களைக் கேட்டு எழுத வேண்டாமா? கேட்பது என்றால் எந்தக் கட்டத்தில், எதைப் பற்றிக் கேட்பது?

இந்த வேலையைச் சட்டமாகவே போட்டுச் செய்து பார்த்த நாடு நியூசிலாந்து. அங்கே செய்ததில் நல்லதும் உண்டு, கோட்டைவிட்டதும் உண்டு. கோட்டைவிட்ட இடத்தில்தான் நமக்குப் பாடம் அதிகம் என்பதால் அங்கேதான் கூடுதல் நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் பின்னணி. 1960கள் வரை நியூசிலாந்திலும் நம்மைப் போன்ற நிலைமைதான். தொழிலாளருக்கு 1900ஆம் ஆண்டின் சட்டம், வாகன விபத்துக்கு 1928 முதல் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு, மற்றவர்களுக்கு நீதிமன்றத்தில் கவனக்குறைவு வழக்கு. ஒரே மாதிரி கால் உடைந்த இருவரில், இடித்த வண்டிக்காரர் மீது தவறு நிரூபித்தவருக்குப் பணம் கிடைக்கும்; ஏணியில் இருந்து தானே விழுந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் தலைமையில் அமைந்த அரச ஆணையம் 1967 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, இதை ஒரு லாட்டரி என்றே கண்டித்தது. தவறு யாருடையது என்று பார்க்காதே, காயம் பட்டிருக்கிறதா என்று பார் என்றது. சமூகமே பொறுப்பேற்க வேண்டும், எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், முழு மறுவாழ்வு வேண்டும், இழப்பீடு பெயருக்கு இல்லாமல் உண்மையானதாக இருக்க வேண்டும், நிர்வாகம் சிக்கனமாக நடக்க வேண்டும் என்று ஐந்து கொள்கைகளை வகுத்தது.

அதன்படி 1972இல் சட்டம் நிறைவேறி, 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று விபத்து இழப்பீட்டுக் கழகம் என்ற அரசு அமைப்பு அதை நடத்துகிறது. ஏ.சி.சி. என்றுதான் அங்கே பேச்சுவழக்கு. வேலையில், சாலையில், வீட்டில், ரக்பி மைதானத்தில், எங்கே அடிபட்டாலும் சரி. சிகிச்சைச் செலவை ஏ.சி.சி. ஏற்கும். சம்பாதித்துக்கொண்டிருந்தவர் வேலைக்குப் போக முடியாமல் போனால் வாராவாரம் வருமானத்தில் 80 சதவீதம் கொடுக்கும். வெளிநாட்டில் இருந்து வந்தவருக்கும் அங்கே பட்ட காயத்துக்குச் சிகிச்சை உண்டு. ஆக்லாந்தில் மகன் வீட்டுக்குப் போன நம்மூர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாலும் அந்தத் திட்டத்துக்குள் வருவார்.

இதற்கு விலை ஒன்று உண்டு. காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடும் உரிமையை நியூசிலாந்து மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். தண்டனையாக விதிக்கப்படும் நஷ்டஈடு என்ற ஒரு சின்ன ஜன்னல் தவிர மற்றதெல்லாம் அடைபட்டது. பெரும்பாலானவர்களுக்கு இது லாபமான பேரம்தான். இருந்தாலும் அதன் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். நம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுதாரரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் நீதிபதி முன்னால் எதிரெதிரே நிற்கிறார்கள். அங்கே எதிரில் நிற்கும் கம்பெனி இல்லை. முடிவெடுப்பவரும் பணம் கொடுப்பவரும் சிகிச்சைக்கு அனுமதி தருபவரும் ஒரே அலுவலகம். மனிதருக்குத் தெரிந்த முகம் கேஸ் மேனேஜர் ஒருவருடையது மட்டும். அவர் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டாலும், போனில் எரிந்து விழுந்தாலும், தவறான டாக்டரிடம் அனுப்பினாலும் போய்ச் சேர வேறு கதவு கிடையாது.

1990களில் இந்த உறவு கசந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் மொத்தத் தொகை இழப்பீட்டை நீக்கியது. பத்தாண்டின் பிற்பகுதியில் வேலைத்திறன் மதிப்பீடு வந்தது. இன்னின்ன மணி நேரம் வேலை செய்யும் தகுதி உனக்கு இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால் வாரத் தொகை நிற்கும். அந்த வேலை உங்கள் ஊரில் காலியாக இருக்கிறதா, உங்களை யாராவது எடுத்துக்கொள்வார்களா என்பது கணக்கில் வராது. இன்றைய சட்டத்திலும் வாரத்துக்கு 30 மணி நேரம் என்று அந்தக் கோடு தொடர்கிறது. 1999 ஜூலையில் பணியிட விபத்துகளைத் தனியார் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆட்சி மாறியதும் ஓராண்டிலேயே அதை மூடினார்கள். நீண்ட நாள் காயத்தோடு இருந்தவர்களுக்கு இத்தனை மாற்றமும் தலைக்கு மேலே நடந்தது.

இந்தச் சூழலில் வந்ததுதான் 2001ஆம் ஆண்டுச் சட்டம். 2002 ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கு வந்தது. அதற்குள், இழப்பீடு கோருவோருக்கான உரிமை விதித்தொகுப்பு ஒன்று வேண்டும் என்று தனிப் பகுதியே போட்டார்கள். நியாயத்திலும் சேவையிலும் நடைமுறையில் எட்டக்கூடிய உச்சத் தரம் உட்பட, மக்கள் நியாயமாக எதிர்பார்ப்பதை நிறைவேற்றுவதே நோக்கம் என்று பிரிவு 40 சொல்கிறது. அதற்காகக் கோருவோருக்கு உரிமையும் கழகத்துக்குக் கடமையும் வகுக்க வேண்டும். மீறினால் புகார் எப்படிக் கொடுப்பது, அதற்குப் பரிகாரம் என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும். சட்டத்தின் நோக்கம் என்ற அளவில் இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த படிதான் முக்கியம். இந்த விதித்தொகுப்பின் வரைவை யார் எழுதுவது? கழகமே எழுத வேண்டும் என்றது சட்டம். எழுதி, மக்கள் கருத்தைக் கேட்டு, அமைச்சரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். அதாவது யாருடைய கையைக் கட்ட இந்த விதியோ, அவரே கயிற்றின் நீளத்தையும் முதலில் முன்மொழிகிறார்.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். அந்த வேலையின் நெளிவுசுளிவு கழகத்துக்குத்தானே தெரியும்? வெளியில் இருந்து ஒருவர் வானத்தை வில்லாய் வளைப்பேன் என்று எழுதிவைத்தால் நாளைக்குக் கிளை அலுவலகத்தில் அதை யார் நடத்துவது? இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. நடத்த முடியாத விதி, ஏட்டில் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஆனால் அனுபவம் உள்ளவரிடம் ஆலோசனை கேட்பது வேறு, பேனாவையே அவர் கையில் கொடுப்பது வேறு.

இப்படி நடந்த வேலையின் முடிவில் 2003 பிப்ரவரி 1 முதல் எட்டு உரிமைகள் அமலுக்கு வந்தன. கண்ணியத்தோடும் மரியாதையோடும் நடத்தப்படுவது. நியாயமாக நடத்தப்படுவதும் தன் கருத்து கணக்கில் எடுக்கப்படுவதும். தன் பண்பாடும் நம்பிக்கையும் மதிக்கப்படுவது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்வது. புரியும்படி தகவல் தொடர்பு. முழுத் தகவல். அந்தரங்கம் காக்கப்படுவது. புகார் கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் கீழே, நாங்கள் இதைச் செய்வோம் என்று கழகம் தன் வாயால் ஒப்புக்கொள்ளும் வரிகள்.

அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் உரிமையின் கீழ், எங்களிடம் வரும் நீங்கள் உடலாலும் மனத்தாலும் குடும்பச் சூழலாலும் பணத்தாலும் நெருக்கடியில் இருக்கலாம் என்பதை நாங்கள் உணர்ந்து நடப்போம் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அரசு அலுவலகம் ஒன்று, தன் மேசைக்கு முன்னால் வந்து கோபப்படும் மனிதரின் கோபத்துக்குப் பின்னால் வலியும் வாடகைப் பாக்கியும் இருக்கலாம் என்று சட்ட ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது. நான் பார்த்த எந்த அலுவலகச் சுவரிலும் இப்படி ஒரு வரி தொங்கிப் பார்த்ததில்லை. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் உரிமையும் சின்னதாகத் தெரியலாம். தலையில் அடிபட்டு நினைவு தப்பித் தப்பி வருபவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுக்கும் அக்காவோ நண்பரோ இல்லாமல் ஒரு மதிப்பீட்டுக் கூட்டத்தைத் தாண்டவே முடியாது. விதித்தொகுப்பு வெறும் அலங்காரம் என்று எள்ளுபவர்களோடு நான் அதனால்தான் சேருவதில்லை.

இனி கோட்டைவிட்ட இடத்துக்கு வருகிறேன். இந்த எட்டில் ஒன்றைக் கழகம் மீறினால் என்ன நடக்கும்? முதலில் கழகத்திடமே புகார். அந்தப் பதிலில் திருப்தி இல்லாவிட்டால் மறுஆய்வு கேட்கலாம். மறுஆய்வில் தனி ஆய்வாளர் ஒருவர் கேட்டு முடிவு சொல்வார். அதோடு சரி. வாரத் தொகையை வெட்டினால் மறுஆய்வுக்கு மேல் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். உரிமை விதித்தொகுப்பை மீறினார்கள் என்ற புகாருக்கு அந்த வழி இல்லை என்று அதே 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 149 அடைத்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். விதித்தொகுப்பு வந்த காலத்தில் மறுஆய்வுகளை நடத்திய நிறுவனம் கழகத்தின் துணை நிறுவனம். பிற்பாடு, 2011இல்தான் அது கழகத்தின் கையில் இருந்து பிரிந்தது. ஆய்வாளர்கள் நேர்மையாகவே நடந்திருக்கலாம். ஆனாலும் காயம்பட்டவர் கண்ணுக்கு அது ஒரே வீட்டின் இன்னொரு அறையாகத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது கால வரிசையைக் கவனியுங்கள். மேல்முறையீடு கிடையாது என்பது நாடாளுமன்றத்தில் முடிவான பிறகுதான் விதித்தொகுப்பின் வரைவு மக்கள் முன் வருகிறது. மரியாதை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கண்ணியம் என்ற சொல்லையும் சேர்க்கலாமா என்று மக்கள் கருத்துச் சொல்லலாம். மீறினால் யாரிடம் போவது, அவர் எவ்வளவு தூரம் கழகத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்பதில் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. பந்தியில் இலை போட்ட பிறகு என்ன சமைக்கலாம் என்று கேட்ட மாதிரிதான் இது. கருத்துக் கேட்பு மோசமாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக, நேர்மையாக, எல்லோரையும் கூப்பிட்டே நடத்தியிருந்தாலும் அதன் எல்லை அவ்வளவுதான்.

வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா? அதே நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். 1987இல் ஆக்லாந்தின் மெட்ரோ பத்திரிகையில் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அங்குள்ள தேசிய மகளிர் மருத்துவமனையில், கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்ட பெண்களில் பலருக்கு, அவர்களுக்கே தெரியாமல், முறையான சிகிச்சை கொடுக்காமல் நோயின் போக்கைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பது வெளியே வந்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988இல் அறிக்கை கொடுத்தார். அதன் விளைவாக 1994இல் தனிச் சட்டம் வந்து, சுகாதார, மாற்றுத்திறன் சேவைகளுக்கான ஆணையர் என்ற பதவி உருவானது. மருத்துவமனைகளுக்கோ மருத்துவர் சங்கத்துக்கோ கட்டுப்படாத பதவி. நோயாளிகளின் உரிமை விதித்தொகுப்பை வரைந்தவர் அந்த ஆணையர். மக்கள் கருத்தை வாங்கியதும் அவரே. 1996 ஜூலை 1 முதல் பத்து உரிமைகள் அமலுக்கு வந்தன. புகாரை விசாரிப்பவரும் அவர்தான். தேவைப்பட்டால் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போகலாம். புகார் கொடுக்க உதவும் இலவச வழித்துணையாளர்கள் நாடு முழுவதும் உண்டு. விதித்தொகுப்பைக் காலாகாலத்தில் மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. 2024இல்கூட அதற்காக மூன்று மாதம் பொதுமக்கள் கருத்தை வாங்கினார்கள்.

இரண்டும் ஒரே நாடு, ஆறேழு ஆண்டு இடைவெளி. மருத்துவர் விஷயத்தில் நடுநிலையாளர் கையில் பேனா. இழப்பீடு விஷயத்தில் கட்டுப்பட வேண்டியவர் கையிலேயே பேனா. ஏன் இந்த வேறுபாடு? என் கணிப்பு இது. மருத்துவமனை விவகாரம் ஊரே பதறிய ஒரு கொடுமையில் இருந்து பிறந்தது; அங்கே யாரும் மருத்துவர்களை நம்பி விட்டுவிடத் தயாராக இல்லை. இழப்பீட்டு அலுவலகத்தின் கொடுமை அப்படித் தலைப்புச் செய்தியாகாது. பதில் வராத கடிதம், மூன்றாவது தடவை கேட்கப்படும் அதே மருத்துவச் சான்று என்று அது துளித்துளியாக நடக்கிறது. துளித்துளியாக நடப்பதற்கு விசாரணை ஆணையம் யாரும் போடுவதில்லை.

கருத்துக் கேட்பு என்றால் என்ன என்று நியூசிலாந்து நீதிமன்றமே வரையறுத்திருக்கிறது. வெலிங்டன் விமான நிலையத்துக்கும் ஏர் நியூசிலாந்துக்கும் தரையிறங்கும் கட்டணம் தொடர்பாக நடந்த வழக்கில், 1993ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் வந்த மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு அது. இன்னும் முடிவாகாத யோசனையைச் சொல்ல வேண்டும், மற்றவர் சொல்வதைக் கேட்க வேண்டும், அதை மனத்தில் வாங்க வேண்டும், அதன் பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது சாரம். இங்கிலாந்தில் 1985இல் கன்னிங் வழக்கில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். வேடிக்கை பாருங்கள், விமானக் கம்பெனி தொடுத்த வழக்கில் பிறந்த அளவுகோல்தான் கால் முறிந்தவருக்கும் காப்பு. விமானக் கம்பெனிக்கு வக்கீல் வைக்கக் காசு இருந்தது. அதனால் அந்த வழக்கு நடந்தது.

சரி, யாரைக் கேட்பது? இதுதான் இந்தப் பொருளிலேயே கடினமான முடிச்சு என்று நினைக்கிறேன். ஏ.சி.சி.யிடம் ஆண்டுக்கு சுமார் 20 லட்சம் கோரிக்கைகள் பதிவாகின்றன. நாட்டின் மக்கள்தொகையே 50 லட்சத்தை ஒட்டித்தான். அந்தக் கோரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை கணுக்கால் சுளுக்கு, விரலில் வெட்டு, விளையாட்டில் பிசகிய தோள். இரண்டு மூன்று தடவை பிசியோதெரபிக்குப் போய் முடிந்துவிடும். அவர்களுக்குக் கேஸ் மேனேஜர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. சேவை எப்படி இருந்தது என்று கேட்டால் நன்றாக இருந்தது என்பார்கள், பொய்யும் அல்ல. முதுகுத்தண்டு முறிந்து இருபது ஆண்டாக அந்த அலுவலகத்தோடு வாழ்பவர்கள் தொகையில் சின்னக் கூட்டம். ஆனால் உரிமை விதி யாருக்குத் தேவைப்படுகிறதோ அவர்கள் இவர்கள்தான். வந்த கருத்துகளைத் தலை எண்ணிப் பார்த்தால் சுளுக்குக்காரர்கள் ஜெயித்துவிடுவார்கள். எண்ணாமல் எடைபோட வேண்டிய வேலை இது. எடைபோடும் தராசு யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு மறுபடியும் வந்து நிற்கிறோம்.

அந்தச் சின்னக் கூட்டம் வாய் திறப்பதும் லேசல்ல. வலி மாத்திரை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர், எழுபது பக்க வரைவைப் படித்து ஒரு மாதத்தில் கருத்து எழுத வேண்டும் என்றால் எப்படி? இன்னொரு தயக்கமும் உண்டு. எந்த அலுவலகம் வாராவாரம் எனக்குப் பணம் போடுகிறதோ, அதே அலுவலகத்துக்கு என் பெயரையும் கோரிக்கை எண்ணையும் போட்டு, நீ என்னை மரியாதையாக நடத்தவில்லை என்று எழுதுவதா? ஒன்றும் நடக்காது என்று கழகம் ஆயிரம் தடவை உறுதி சொன்னாலும் கை நடுங்கத்தான் செய்யும். இந்த நடுக்கத்தைப் போக்க, கருத்தை வாங்குபவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். உறுதிமொழி மட்டும் போதாது.

இதோடு ஒப்பிட ஒரு காட்சி சொல்கிறேன். 2009இல் மோட்டார் சைக்கிள்களுக்கான ஏ.சி.சி. கட்டணத்தைப் பெரிய அளவில் உயர்த்தப் போவதாக அறிவித்தார்கள். அந்த நவம்பரில் ஆயிரக்கணக்கான பைக்காரர்கள் வெலிங்டன் நாடாளுமன்றத்தின் முன்னால் வண்டிகளோடு வந்து குவிந்தார்கள். முதலில் சொன்ன அளவுக்கு உயர்வு வரவில்லை. அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. கட்டணம் கட்டுபவர் வண்டியை முடுக்கிக்கொண்டு நாடாளுமன்றத்துக்கே வந்துவிட முடிகிறது. இழப்பீடு வாங்குபவரில் பலருக்குப் படுக்கையில் இருந்து எழுவதே அன்றைய வேலை. முதலாளிகள் சங்கம், தொழிற்சங்கம், மருத்துவர் அமைப்புகள், வழக்கறிஞர் சங்கம் எல்லாவற்றுக்கும் கருத்து எழுதிக்கொடுக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. அடிபட்டவர்களின் சங்கத்துக்கு யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை மேசைதான் அலுவலகம்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நிலை தனி. அவர்கள் கோரிக்கை பதிவு செய்வதே மற்றவர்களை விடக் குறைவு என்பதைக் கழகமே ஒப்புக்கொள்கிறது. மாவோரியரும் மற்ற சில பிரிவினரும் இந்தத் திட்டத்தை எந்த அளவுக்கு எட்டுகிறார்கள் என்று கழகம் அறிக்கை தர வேண்டும் என 2023இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தார்கள். உரிமை இருப்பதே தெரியாதவரிடம் அந்த உரிமையின் வரைவைப் பற்றித் தபாலில் கருத்துக் கேட்டு என்ன பயன்? அவர்கள் கூடும் மராயே என்ற பொது மன்றத்துக்குப் போய், அவர்கள் பேசும் முறையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்கு நாளாகும், செலவாகும். அந்த நாளையும் செலவையும் திட்டத்தில் ஒதுக்காமல் எல்லோரையும் கேட்டோம் என்று எழுதுவதில் அர்த்தம் இல்லை.

2003க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009இல் பாலியல் வன்முறையால் மனக்காயம் பட்டவர்களின் கோரிக்கைகளுக்குக் கழகம் புது நடைமுறை கொண்டுவந்தது. மனநோய் என்று முறைப்படி கண்டறிந்தால்தான் உதவி என்ற அளவுக்கு அது இறுகியது. ஏற்கப்பட்ட கோரிக்கைகள் சரிந்தன. ஆலோசகர்களும் பாதிக்கப்பட்டவர்களும் கொதித்தார்கள். 2010இல் தனிக் குழு ஆராய்ந்த பிறகு ஆற்றுப்படுத்தும் அமர்வுகளைத் திரும்பக் கொடுத்தார்கள். 2011இல் 6,700க்கும் மேற்பட்டோரின் விவரம் அடங்கிய கோப்பு ஒன்று மின்னஞ்சலில் தவறுதலாக வெளியே போனது. அதில் பாலியல் வன்முறைக் கோரிக்கை கொடுத்தவர்களின் பெயர்களும் இருந்தன. அடுத்த மார்ச்சில் அது வெடித்து, தனி விசாரணை வரை போயிற்று. அந்தரங்கம் காக்கப்படும் என்ற ஏழாவது உரிமை எட்டு ஆண்டாக ஏட்டில் இருந்தபோது நடந்தது இது. மருத்துவ விவரங்களைத் திரட்டக் கழகம் கையெழுத்து வாங்கிவந்த ஒப்புதல் படிவம் அளவுக்கு மீறி விரிந்திருக்கிறது என்று மாவட்ட நீதிமன்றம் சொல்லி, பிறகு படிவத்தையே மாற்றினார்கள். கவனியுங்கள், அந்த மாற்றம் புகார் வழியில் வரவில்லை. வாரத் தொகை சம்பந்தப்பட்டதால் நீதிமன்றத்துக்குப் போக முடிந்த வழக்கு ஒன்றில்தான் வந்தது.

அக்ளைம் ஒட்டாகோ என்பது தென்தீவில் இயங்கிய அடிபட்டோர் அமைப்பு. 2015இல் அது, மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து ஓர் ஆய்வு வெளியிட்டது. தன் பக்கத்தைச் சொல்லிக் கேட்கவைப்பது, சட்டத்தைத் தெரிந்துகொள்வது, மருத்துவச் சான்று திரட்டுவது, வாதாட ஆள் கிடைப்பது என்ற நான்கிலும் அடிபட்டவர் தடுக்கி விழுகிறார் என்று காட்டியது. அரசு அதைத் தட்டிக்கழிக்கவில்லை. மிரியம் டீன் என்ற மூத்த வழக்கறிஞரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னது. அவரும் 2016இல் அந்தத் தடைகள் உண்மை என்றே எழுதினார். இலவசமாக வழிகாட்டும் சேவை பிறகு வந்தது. யாரும் கருத்துக் கேட்டு அனுப்பாமல், அடிபட்டவர்களே ஆய்வு செய்து கொண்டுவந்து மேசையில் வைத்த கருத்து அது. 2002இல் நடந்த கேட்பை விட இதுதான் அதிகம் சாதித்தது என்பது என் எண்ணம்.

ஆகவே என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வரைவைக் கழகம் எழுதினாலும் போகட்டும். வந்த கருத்துகளைத் திரட்டித் தொகுப்பவர் கழகத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. ஏற்காத ஒவ்வொரு கருத்துக்கும் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் காரணம் வேண்டும். கருத்துச் சொல்ல வரும் அடிபட்டவருக்கும் அவர் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவும் படியும் கொடுக்க வேண்டும். அங்கே வரும் அதிகாரிகளில் யாரும் தன் கைக்காசில் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மீறினால் பரிகாரம் என்ன என்ற பக்கத்தைக் காலியாக வைத்துக் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தை முன்கூட்டியே நிரப்பிவிட்டுக் கேட்டால் அதற்குக் கருத்துக் கேட்பு என்று பெயர் வைக்காதீர்கள். விளம்பரம் என்று சொல்லிவிடுங்கள்.

நம் பக்கம் வந்து முடிக்கிறேன். இது எங்கோ கடல் கடந்த கதை என்று நினைக்க வேண்டாம். நம் மோட்டார் வாகன விதிகளில் 2022இல் சேர்த்து, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் படிவம் 2 என்று ஒன்று இருக்கிறது. சாலை விபத்தில் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளையும், வழக்கு எந்தெந்தப் படியாக நகரும் என்பதையும் சொல்லும் தாள் அது. விபத்து நடந்து 10 நாளுக்குள் விசாரணை அதிகாரி அதைப் பாதிக்கப்பட்டவர் கையிலோ, இறந்துபோனால் வாரிசு கையிலோ கொடுக்க வேண்டும். விபத்து பற்றிய முதல் அறிக்கை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இந்த விதிகளை ஒழுங்காக நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றமும் 2022 டிசம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 212 படி, இந்த மாதிரி விதிகளின் வரைவை முன்கூட்டி வெளியிட்டு ஆட்சேபம் கேட்டுத்தான் இறுதி செய்ய முடியும். சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு 2014 முதல் ஒரு கொள்கையும் இருக்கிறது. கேட்கும் கடமை நம் சட்டத்திலும் உண்டு. அந்த 30 நாளில் எழுதிப்போடுவது யார்? பெரும்பாலும் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் வாகனத் தயாரிப்பாளர்களும்தான் என்று சொன்னால் உங்களில் யாரும் ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் சட்ட மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போங்கள். படிவம் 2 தமிழில் இருக்கிறதா, 10 நாளுக்குள் கொடுக்கிறார்களா, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குகிறார்களா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் படுத்திருப்பவர்களிடம் அந்தத் தாள் வந்ததா என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி, டெல்லியில் உள்ள சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் உங்கள் மாவட்டத் தீர்ப்பாயத்துக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த வரைவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.